ஒரே ஆய்வு, இரண்டு விடைகள்: முதுகுத்தண்டு அறுவை, ஸ்டென்ட் பற்றிய முடிவுகளை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. என் அப்பாவுக்கு வயது 61. ஒன்பது வாரங்களாக இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதைப் போல வலி இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை மருத்துவர் வற்புறுத்தவில்லை. "செய்துகொண்டாலும் சரி, இன்னும் சில வாரம் பொறுத்தாலும் சரி, முடிவை நீங்கள் எடுங்கள்" என்று சொல்லிவிட்டார். இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், மாடிப்படி ஏறும்போது வந்த மார்வலிக்காக அப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட் (அடைத்த இதயத் தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். அன்றிலிருந்து, ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க, தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்.

என் சித்தப்பா ஒரு கட்டுரையை அனுப்பினார். ஜவ்வு விலகலுக்கு அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று 2006-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியதாக அதில் இருந்தது. அத்தை மகன் அனுப்பிய கட்டுரையோ, அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாகவே நன்றாக இருந்தார்கள் என்றது. துருவிப் பார்த்ததில் இரண்டும் ஒரே ஆய்வைத்தான் சொல்கின்றன. ஒரே ஆய்வு எப்படி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளைத் தர முடியும்?

போதாக்குறைக்கு, நாள்பட்ட மார்வலிக்கு ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்ற செய்தியையும் சித்தப்பா அனுப்பியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் எனக்கு வைத்தது தண்டமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற புள்ளியியலாளன்

வணக்கம் அம்மா. நீங்கள் குறிப்பிடுவது 'ஸ்போர்ட்' என்று அழைக்கப்படும் ஆய்வு. டார்ட்மத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் வைன்ஸ்டைன் தலைமையில், அமெரிக்காவின் 11 மாநிலங்களில் இருந்த 13 மையங்களில் 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், ஓர் ஆய்வை எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் மனிதர்கள் அதைக் கலைத்துவிடுவார்கள் என்பதற்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தது இதைத்தான்.

ஜவ்வு விலகல் பிரிவில் 501 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு மருந்தும் உடற்பயிற்சியும். குலுக்கலுக்கு ஒப்பாமல் தாங்களே சிகிச்சையைத் தேர்ந்துகொண்ட 743 பேரைத் தனியாகக் கண்காணித்தார்கள். சிக்கல் முதல் பிரிவில்தான் வந்தது. குலுக்கலில் அறுவை விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் அறுவை செய்துகொண்டார்கள். சிலருக்கு அதற்குள் வலி குறைந்துவிட்டது, சிலருக்கு மனம் வரவில்லை. அறுவை வேண்டாம் என்று விழுந்தவர்களில் 30 விழுக்காட்டினர் அதே காலத்தில் வலி தாங்காமல் அறுவைக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அறுவைக் குழுவில் 60 விழுக்காட்டினரும் மருந்துக் குழுவில் 45 விழுக்காட்டினரும் அறுவை செய்துகொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழுவிலும் நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் 60 பேரும் மற்றதில் 45 பேரும் கத்தியைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, இரண்டு குழுக்களையும் வேறுபடுத்துவது நூற்றுக்குப் பதினைந்து பேர் மட்டுமே. அறுவை ஒவ்வொருவருக்கும், இயலாமையை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில் 15 புள்ளி நன்மை தருகிறது என்றே கொள்வோம். அந்த நன்மை குழுச் சராசரியில் வெறும் இரண்டேகால் புள்ளியாகத்தான் தெரியும். அதைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய 501 பேர் போதாது. எனவே "குலுக்கலில் விழுந்தபடி" கணக்கிட்டவர்களுக்குத் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. உங்கள் சித்தப்பாவின் கட்டுரை அந்தக் கணக்கைச் சொல்கிறது.

அத்தை மகனின் கட்டுரை, யார் உண்மையில் எதைச் செய்துகொண்டார்களோ அதன்படி ஒப்பிட்ட கணக்கைச் சொல்கிறது. தாங்களே தேர்ந்துகொண்டவர்களின் பிரிவில் மூன்று மாதத்தில் அறுவையின் பக்கம் ஏறத்தாழ 15 புள்ளி கூடுதல் முன்னேற்றம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 13 அளவில் நின்றது. பத்துப் புள்ளி மாறினாலே நோயாளி அதை உணர்வார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு என்பதால், இது சிறிய செய்தி அல்ல. ஆனால் இங்கே வேறொரு ஓட்டை இருக்கிறது. அறுவைக்குத் தாங்களாக முன்வந்தவர்கள் வலியின் உச்சத்தில் இருந்தவர்கள். உச்சத்தில் இருக்கும் எதுவும் எப்படியும் கொஞ்சம் இறங்கும். போதாததற்கு, தமக்கு அறுவை நடந்தது அவர்களுக்குத் தெரியும், "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், இவ்வளவு பட்டுச் செய்துகொண்ட ஒருவர் என்ன சொல்வார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு அறுவையைக் குறைத்துக் காட்டுகிறது, இரண்டாவது கூட்டிக் காட்டுகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு மேல் ஒரு எண்ணைச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

உங்கள் அப்பாவுக்கு இதைவிடப் பயன்படக்கூடியது, 2007-இல் நெதர்லாந்திலிருந்து வில்கோ பெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். அறுவையா, மருந்தா என்று கேட்காமல், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையாகக் கால்வலி அனுபவித்த 283 பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, "இப்போதே செய்வதா, பொறுத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்வதா?" என்று பார்த்தார்கள். உடனே செய்துகொண்ட குழுவில் பாதிப் பேர் நான்கு வாரத்தில் தேறிவிட்டார்கள். காத்திருந்த குழுவுக்கு அதே நிலைக்கு வர ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆயிற்று. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பிற்பாடு அறுவைக்கே வந்தார்கள். ஓராண்டு முடிவிலோ இரு குழுக்களிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். போய்ச் சேரும் ஊர் ஒன்றாகவும் பயண நேரம் வேறாகவும் இருந்தது என்பதே அதன் விடை. அப்பா இப்போது ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறார் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இயன்முறை மருத்துவர்

மேலே ஐயா அவர்கள் "நூறு புள்ளி அளவுகோல்" என்று சொன்னாரே, அதை அன்றாடம் கையில் வைத்துப் பணியாற்றுகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். அதன் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு. ஆஸ்வெஸ்ட்ரி இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறு நகரம். அங்குள்ள எலும்பு மருத்துவமனையில் உருவாகி 1980-இல் வெளிவந்த படிவம் இது. வலி, குளிப்பது உடுத்துவது, பாரம் தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, உறங்குவது, தாம்பத்தியம், வெளியே நாலு பேரோடு பழகுவது, பயணம் என்று பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் ஐம்பதுக்கு எடுத்ததை நூற்றுக்கு மாற்றுவார்கள். மதிப்பெண் கூடினால் இயலாமை கூடுகிறது என்று பொருள். தமிழ்ப் படிவமும் இருக்கிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வின் பதினைந்து புள்ளி என்பது இந்தத் தாளில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் அது அப்பாவின் வாழ்க்கையில் எதைக் குறிக்கும் என்பது தெரியும். நடைப் பகுதியில் "எவ்வளவு தூரமும் நடப்பேன்" என்பதற்குச் சுழியம். "கைத்தடியோ ஊன்றுகோலோ இருந்தால்தான் நடப்பேன்" என்பதற்கு நான்கு. ஆக, கைத்தடியை விட்டுவிட்டு முன்போல் நடக்கத் தொடங்கினால் அந்த ஒரு பகுதியிலேயே நான்கு குறைகிறது, நூற்றுக்கு எட்டு. உறக்கத்தில் இரண்டு, உட்காருவதில் இரண்டு குறைந்தால் மேலும் எட்டு. பதினைந்து புள்ளி என்பது ஏறக்குறைய இவ்வளவுதான், ஆனால் ஒரு வீட்டில் இது பெரிய மாற்றம்.

நம் ஊரில் இந்தப் படிவத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. எட்டாவது பகுதியான தாம்பத்தியத்தைக் கிட்டத்தட்ட எல்லாரும் நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மகளோ மருமகனோ பக்கத்தில் நின்று படித்துக் காட்டும்போது வேறென்ன செய்வார்கள்? அதற்கு விதி இருக்கிறது: ஒரு பகுதியை விட்டால் ஐம்பதுக்குப் பதில் நாற்பத்தைந்தால் வகுக்க வேண்டும். இரண்டாவது, உட்காருவதைப் பற்றிய கேள்வி நாற்காலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதையும், குத்துக்காலிட்டு உட்காருவதையும், கீழே உட்கார்ந்து எழுவதையும் அது கேட்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் முதலில் முறையிடுவதே அவற்றைப் பற்றித்தான். எனவே எண் ஒரு பக்கம் இருக்கட்டும், "எதைச் செய்ய முடியாமல் போனது அப்பாவை வாட்டுகிறது?" என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

காத்திருக்கலாம் என்ற முடிவுக்கு ஒரு கண்டிப்பான விலக்கு உண்டு. சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ அறியாமல் கசிந்தாலோ, இரண்டு தொடைகளுக்கும் நடுவே மரத்துப் போனாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினாலோ, எந்த ஆய்வையும் புரட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேலே பேசப்பட்ட ஆய்வுகள் காத்திருக்கக்கூடிய நோயாளிகளைப் பற்றியவை.

கேத்லேப் ஊழியன்

அப்பாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஆஞ்சியோ (இதயத் தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பைப் பார்ப்பது) செய்யும் அறையில் தொழில்நுட்பராகப் பதினான்கு ஆண்டு கழித்தவன். மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர்காக்கும் சிகிச்சை. அதில் ஐயமே இல்லை. சித்தப்பா அனுப்பிய செய்தி, நடந்தால் வந்து நின்றால் போகும் நிலையான மார்வலியைப் பற்றியது. 2007-இல் வந்த 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர் இருந்தார்கள்; மருந்தோடு ஸ்டென்ட் வைத்தவர்களில் 19.0 விழுக்காட்டினருக்கும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 18.5 விழுக்காட்டினருக்கும் இறப்போ மாரடைப்போ நேர்ந்தது. அங்கும் மருந்துக் குழுவில் மூன்றில் ஒருவர் பின்னாளில் ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ போய்விட்டார். புள்ளியியலாளர் ஐயா சொன்ன அதே தாவல்தான். 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. உடனே ஆஞ்சியோ செய்து தேவைக்கேற்ப ஸ்டென்டோ பைபாஸோ செய்த பக்கம் 145 பேரும், மருந்தோடு தொடங்கிய பக்கம் 144 பேரும் இறந்தார்கள். இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்பு மிகவும் பலவீனமானவர்களையும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இறப்பை எண்ணுவது எளிது, செத்தவர் செத்தவர்தான். வலியை எண்ணுவதுதான் கடினம். அதற்காக லண்டனில் 'ஆர்பிட்டா' என்ற ஆய்வைச் செய்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. 200 நோயாளிகளையும் மேசையில் படுக்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போட்டு, அரைமயக்கத்தில் ஆழ்த்தினார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுபாதிப் பேரைக் குறைந்தது பதினைந்து நிமிடம் அப்படியே படுக்கவைத்து, எதுவும் செய்யாமல் எழுப்பினார்கள். எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு கவனித்துக்கொண்டவர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டபோது ஸ்டென்ட் குழு சராசரியாக 28 விநாடி கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. ஒன்றும் செய்யாத குழுவும் கிட்டத்தட்ட 12 விநாடி கூட்டிக்கொண்டது. இடையிலுள்ள வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் அறையில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதல் ஆய்வில் எல்லாரும் மார்வலி மாத்திரைகளை நிறைய எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் 'ஆர்பிட்டா 2' ஆய்வைச் செய்து 2023-இல் வெளியிட்டார்கள். அதில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மார்வலி தெளிவாகக் குறைந்தது. எனவே அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவருக்கு ஸ்டென்ட் வைத்தது படியேறும்போது வந்த வலிக்காக, அந்த வலி போனதென்றால் அது தண்டம் அல்ல. அதை ஆயுளுக்கான காப்பீடு என்று யாராவது சொல்லி வைத்திருந்தால், அந்தச் சொல்தான் தவறு.

தோப்பில் ஒருவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நோயாளியை மேசையில் படுக்கவைத்து ஒன்றும் செய்யாமல் எழுப்புவது ஏமாற்று இல்லையா? இதற்கு எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற புள்ளியியலாளன்

நியாயமான கேள்வி. ஆர்பிட்டாவில் சேர்ந்தவர்களிடம் "இரண்டில் ஒன்று நடக்கும், எது என்று சொல்ல மாட்டோம்" என்று முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். பழைய காலத்தில் அந்த நேர்மைகூட இருந்ததில்லை. 1950-களில் மார்வலிக்கு, மார்புக்கூட்டின் உட்புறம் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிடும் அறுவை பரவலாக நடந்தது; செய்துகொண்டவர்கள் வலி போயிற்று என்று மகிழ்ந்தார்கள். 1959-இல் சியாட்டிலைச் சேர்ந்த லெனர்ட் காப் 17 பேரை எடுத்துக்கொண்டு எட்டுப் பேருக்குத் தமனியைக் கட்டினார், ஒன்பது பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார். இரு சாராரும் ஒன்றுபோலவே தேறியதாகச் சொன்னார்கள். பின்னர் அந்த அறுவையே வழக்கொழிந்தது. முதுகுத்தண்டிலும் இது நடந்திருக்கிறது: நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சையை, ஊசி மட்டும் போட்டுச் சிமென்ட் செலுத்தாத போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் 2009-இல் ஒரே இதழில் வந்தன, இரண்டிலும் சிமென்ட் மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஜவ்வு விலகல் ஆய்வுகள் மேலே சொன்ன எதிலும் இந்த மறைப்பு இல்லை என்பதுதான் அவற்றைப் படிக்கும்போது எனக்குள்ள உறுத்தல்.

மயக்க மருந்து மருத்துவர்

இதுவரை முதுகையும் இதயத்தையும் தனித்தனியாகப் பேசினோம். அறுவை அரங்கில் படுக்கப்போவது ஒரே மனிதர் என்பதால், ஆஸ்பிரினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இதயம் அல்லாத அறுவைகளின்போது இதயத்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெவரோ குழுவினர் பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான அவர்களுடைய 'பாய்ஸ் 2' ஆய்வில் 10,010 பேருக்கு அறுவையை ஒட்டி ஆஸ்பிரினோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பையோ இறப்பையோ குறைக்கவில்லை. பெரிய ரத்தப்போக்கு 3.8 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆகக் கூடியது. இதை மட்டும் படித்தால் நிறுத்திவிடலாம் என்றே தோன்றும். ஆனால் அவர்களுள் ஏற்கெனவே ஸ்டென்ட் சிகிச்சை பெற்றிருந்த 470 பேரைத் தனியாகப் பார்த்தபோது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 6.0 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 11.5 விழுக்காட்டினருக்கும் இறப்போ மாரடைப்போ நேர்ந்திருந்தது. பெரிய ஆய்வின் ஒரு சிறு மூலையிலிருந்து எடுத்த எண் என்பதால் நான் இதை வேதவாக்காகக் கொள்ளவில்லை. எனினும் உங்கள் அப்பா இருப்பது அந்த மூலையில்தான்.

மறுபக்கம், முதுகுத்தண்டின் குழாய் மிகவும் குறுகியது. வயிற்று அறுவையில் பொருட்டில்லாத அளவு ரத்தம் அங்கே கட்டினால், எந்த நரம்பை விடுவிக்கப் போனோமோ அதையே நசுக்கிவிடும். ஆகவே அறுவை மருத்துவர் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வதும் இதய மருத்துவர் தொடரச் சொல்வதும் இரண்டுமே காரணத்தோடுதான். இருவரும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நோயாளி நடுவில் நின்று விழிப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். இருவரையும் பேசிக்கொள்ளவையுங்கள், அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்பது உங்களுக்குச் சாதகம்; மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த முதல் ஆறு மாதத்தில் இப்படிப்பட்ட அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடவே சொல்வோம்.

அறுவை செய்வது என்று முடிவானால், முதல் இரண்டு மூன்று நாள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வார்களா என்று கேளுங்கள். அதே குழுவின் 'விஷன்' ஆய்வில், அறுவைக்குப் பிறகு இதயத் தசை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சுவலியே வரவில்லை. வலி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது மார்வலி எப்படித் தெரியும்?

வைகைக்கரை

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தேன். எட்டாவது பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒன்பதாவதற்குப் போய்விட்டார். மீதி ஒன்பதிலும் சேர்த்து 21; நாற்பத்தைந்தால் வகுத்தால் நூற்றுக்கு 47 வருகிறது. "எது முடியாமல் போனது வாட்டுகிறது?" என்ற கேள்விக்கு, காலையில் கிணற்றடியில் குத்துக்காலிட்டுப் பல் தேய்க்க முடியவில்லை என்றார்.

நெதர்லாந்து ஆய்வின் பன்னிரண்டு வாரத்தைச் சொன்னேன். மூன்று வாரம் பொறுத்துப் பார்ப்பதாகவும், அன்றைக்கு இதே தாளை மறுபடி நிரப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பிரின் விஷயமாக இதய மருத்துவரின் தொலைபேசி எண்ணை அறுவை மருத்துவரிடம் வியாழக்கிழமை கொடுக்கப் போகிறேன். ஸ்டென்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "படி ஏறுகிறேனே" என்று மட்டும் சொன்னார்.